ஒரே மீட்பரும் மாஸ்டரின் அம்மாவும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் எங்கள் அயல்வீட்டு ஆச்சி காலமானார். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், மாங்குளம் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில், எங்கள் வளவும் அவருடைய மகனான மாஸ்டரின் வளவும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்கின்றன. மாஸ்டர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சைவர், தான்தோன்றீஸ்வரர் கோவில் திருவிழாவில் ஒரு நாளும் தவறாதவர். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று பந்தலின் கீழ் நாங்கள் பலர் இருந்தபோது, அண்மையில் ஒரு கிறிஸ்தவ சபையிற் சேர்ந்திருந்த அவருடைய தூரத்து உறவினர் ஒருவர், யாரும் கேட்காமலே, இயேசுவை ஏற்றுக்கொள்ளாமற் போன ஆத்துமாவுக்கு நரகத்தைத் தவிர வேறிடம் இல்லை என்று சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாஸ்டர் எதுவும் பேசவில்லை. தமக்கு முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டத்தை எடுத்து அடுத்த கதிரைக்கு நகர்த்திவிட்டு, எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார்.

ஆட்கள் கலைந்த பிறகு நானும் அங்கே போனேன். அவர் கேட்டது இதுதான்: "தம்பி, ஒண்டு கேக்கட்டோ? உங்கட யேசுநாதர் மட்டும்தான் கரைசேர்ப்பார் எண்டால், எங்கட அம்மா இப்ப எங்கை? நீரும் அப்பிடித்தானோ நம்புறீர்?"

"அது கடவுளுக்குத்தான் தெரியும் மாஸ்டர்" என்றேன். சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மையின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதை வீட்டுக்கு வந்து படுத்தபோது உணர்ந்தேன். தாயைப் பறிகொடுத்த ஒருவர் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்று நான் நம்புகிறேன். அயலவரோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டுப் போவது மாஸ்டருக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. தம்முடைய சமயத்தை அவ்வளவு ஆழமாகக் கற்ற ஒருவரிடம் என்னுடையதை நீர்த்துக் கொடுப்பது அவரைக் குழந்தையாக நடத்துவதற்குச் சமம்.

ஆனால் பந்தலின் கீழே பேசியவரைப் போன்றோர் கையில் எடுக்கும் வசனங்கள் எந்த இடத்தில், யாரிடம் சொல்லப்பட்டவை என்பதைப் பார்க்க வேண்டும். "இவராலேயன்றி வேறு எவராலும் மீட்பு இல்லை" என்று திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்திற் பேதுரு சொல்கிறார். எருசலேம் கோவிலின் அழகுவாயில் என்ற இடத்திற் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த, பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒரு மனிதன் நடந்ததற்காக, பேதுருவும் யோவானும் பிடிக்கப்பட்டு ஓர் இரவு காவலில் வைக்கப்பட்டு, மறுநாள் யூதத் தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது சொன்ன சொல் அது. சில வாரங்களுக்கு முன்னர் இயேசுவுக்குச் சாவு விதித்த அதே அதிகாரிகளைப் பார்த்து, காவலிற் கிடந்து வந்த மீனவன் ஒருவன் சொன்னது. அந்த மனிதன் நலம் பெற்றதைச் சொல்ல ஒன்பதாம் வசனத்திலும், நாம் மீட்புப் பெறுவதைச் சொல்லப் பன்னிரண்டாம் வசனத்திலும் கிரேக்க மூலத்தில் வருவது ஒரே வினைச்சொல். முடமாய்க் கிடந்தவனை எழுப்பிய அதே கை என்பதுதான் பேதுருவின் சாட்சியம். இழவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்மேல் எறிவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

"வழியும் உண்மையும் வாழ்வும் நானே, என் வழியாய் அன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை" என்பதும் அப்படித்தான். கடைசி இரவுணவின்போது, நீர் போகும் இடமே தெரியாது, வழியை எப்படி அறிவோம் என்று கலங்கிக் கேட்ட தோமாவுக்கு இயேசு கொடுத்த ஆறுதல் அது. "நீங்கள் உள்ளம் கலங்க வேண்டாம்" என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. தந்தை வாழும் இடத்தில் உறைவிடங்கள் பல உண்டு என்பது அதற்கு அடுத்த வசனம்.

அன்று கிணற்றடியில் மாஸ்டர் ஒரு பாட்டின் அடியையும் சொன்னார். "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வந்து அருள்வார் என்பது பொருள். தம் சமயம் எவரையும் வெளியே தள்ளுவதில்லை என்பதைக் காட்ட அவர் அதைச் சொன்னார். பிறகு நான் அந்தப் பாட்டு வரும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எடுத்து அந்தச் செய்யுளை முழுவதுமாகப் படித்தேன். மற்றத் தெய்வங்கள் "வேதனைப்படும் இறக்கும் பிறக்கும் மேல் வினையும் செய்யும்" என்றும், இவை எதுவும் இல்லாதவனே அறிந்து அருள் செய்வான் என்றும் நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார் தொடர்கிறார். பல நாட்கள் அந்த வரிகளிலேயே நின்றேன். யாரை வணங்கினாலும் இறுதியில் அருள்பவர் ஒருவரே என்று சைவ சித்தாந்தமும் சொல்கிறது. ஆகவே "ஒருவரே" என்று சொல்வது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பிடிவாதம் அன்று. நாம் உண்மையில் வேறுபடுவது செய்யுளின் இரண்டாம் பாதியிலேதான். பிறந்தவரும் வேதனைப்பட்டவரும் இறந்தவரும் அருள் செய்ய முடியாது என்கிறது அது. பிறந்து, வேதனைப்பட்டு, இறந்தவர் என்பதனாலேதான் அவர் எங்களை மீட்டார் என்று நான் ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடுகிறேன்.

இந்த வேறுபாட்டை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. பிறவாத இறைவன் என்ற சைவக் கருத்தின் உயரத்தை நான் மதிக்கிறேன். நஞ்சை விழுங்கிக் கண்டத்தில் நிறுத்தியவரைப் பாடும் சமயத்துக்கு, பிறர் துன்பத்தைத் தன்மேல் ஏற்பதென்றால் என்னவென்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும், இந்த மண்ணில் நாங்கள் கண்டவற்றுக்குப் பிறகு, சாவுக்கு உள்ளேயே இறங்கி வந்த ஒரு கடவுளை அல்லாமல் வேறொருவரை நோக்கி என்னால் வாய் திறந்து மன்றாட முடியவில்லை. சிலுவையில் அறையப்பட்டவர் மீட்பர் என்ற செய்தி பவுலின் காலத்திலேயே யூதருக்கு இடறலாகவும் மற்றவர்களுக்கு மடமையாகவும் இருந்தது. பல வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்து இதுவே சிறந்தது என்று நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் செய்த ஒரு செயலைப் பற்றியே பேசுகிறோம். அதை வேறு எவரும் செய்யவில்லை என்பதாலேயே "ஒருவர்" என்கிறோம்.

2009 ஏப்ரலில், போரின் கடைசிக் கட்டத்தில், புதுமாத்தளனிலிருந்து சனங்கள் கடல்நீரேரியைக் கடந்தபோது என் தமக்கையும் கடந்தார். இடுப்பில் கைக்குழந்தை, மறு கையில் நான்கு வயது மகள். நடுவில் தண்ணீர் நெஞ்சளவு வந்துவிட்டது. மூத்தவளை இனிப் பிடித்திருக்க முடியாது என்ற நிலையில், பின்னால் வந்த ஓர் ஆண் ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவருடைய சட்டைக் கொலரைப் பிள்ளை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றியிருந்ததை என் தமக்கை இன்றும் சொல்வார். அக்கரையில் அவளை இறக்கிவிட்டு அந்த மனிதர் கூட்டத்துக்குள் போய்விட்டார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, ஊரும் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. ஆனால் அவளைக் கரைசேர்த்தவர் அவர் ஒருவரே. பெயர் தெரியாததால் அவள் கரைசேராமற் போகவில்லை. பெயர் தெரியாததால் அவளைத் தூக்கியவர் வேறு யாராகவும் ஆகிவிடவுமில்லை.

கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதும், அவருடைய பெயரை அறியாமலும் ஒருவர் அவரால் மீட்கப்படலாம் என்பதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்று நான் விளங்கிக்கொண்டது இப்படித்தான். எங்கள் விசுவாசத்திலோ, தூக்கியவர் தாமே நீருக்குள் மூழ்கி, மூன்றாம் நாளில் எழுந்தார்.

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல நெடுங்காலம் எடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியம் மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் காலத்திலிருந்து வருகிறது. சபையைப் பிளந்துகொண்டு போன கிறிஸ்தவர்களை மனத்தில் வைத்து அவர் சொன்னது, பின்னர் கிறிஸ்துவை அறியாத எல்லோர்மேலும் பொருத்தப்பட்டது. 1442இல் ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கத்தின் ஆவணம் அதை மிகக் கடுமையான சொற்களில் எழுதிவைத்தது. பொஸ்டனில் ஒரு குரு அதே கடுமையோடு போதித்தபோது, 1949இல் உரோமையே அந்த விளக்கத்தைத் தவறென்று கடிதம் எழுதியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், தம்முடைய குற்றத்தினாலன்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழியே அவரது விருப்பத்தைச் செய்ய முயல்வோர் நிலைவாழ்வை அடைய முடியும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு முறையில் தூய ஆவியார் எல்லா மனிதருக்கும் பாஸ்கா மறைபொருளில், அதாவது கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும், பங்குபெறும் வாய்ப்பை அளிக்கிறார் என்றது. 2000ஆம் ஆண்டில் உரோமை மீண்டும் எழுதி, மீட்பர் ஒருவரே என்பதை உறுதிப்படுத்தியது. இரண்டையும் சேர்த்தே நான் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த உறவினரின் சபையைச் சேர்ந்த சகோதரர்கள் உரோமையர் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: வாயார அறிக்கையிட வேண்டும், அறிவிப்பவர் இல்லாமல் எப்படிக் கேள்வியுறுவார்கள் என்று. அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த மனிதரின் பெயரை அறிந்திருந்தால் என் தமக்கை எவ்வளவு தூரம் போயேனும் அவர் காலடியில் நின்றிருப்பார். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லவேண்டியதும் அதற்காகவே என்று நினைக்கிறேன். பெயரைச் சொல்வது எங்கள் கடமை. யார் கரைசேரவில்லை என்று தீர்ப்பெழுதும் வேலை எங்களுக்குத் தரப்படவில்லை. இறுதித் தீர்ப்பைச் சொல்லும் மத்தேயு 25இல், பசித்தோருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று ஆண்டவர் சொல்லும்போது, வலப்பக்கம் நிறுத்தப்பட்டவர்களே, ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம் என்று வியந்துதானே கேட்கிறார்கள்.

ஆச்சியை நான் நன்கு அறிவேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் போவார். ஆவணித் திருவிழாவுக்கு எங்களோடு மடுவுக்கும் வந்து, மெழுகுதிரி கொழுத்தி, கோவில் மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவார். செட்டிகுளம் முகாமில், தம் பங்குக் கஞ்சியை ஒரு பேணியில் ஊற்றி, தாயில்லாத பிள்ளைகள் மூவருக்கு அவர் கொடுத்ததை நான் வரிசையில் நின்று பார்த்தேன். இவற்றைச் சொல்வது அவரை எங்கள் கணக்கிற் சேர்த்துக்கொள்வதற்காக அன்று. தம்மை அறியாமலே கிறிஸ்தவராக வாழ்ந்தவர் என்று இத்தகையோரை அழைத்த இறையியலாளர்கள் உண்டு. அந்தப் பெயரை நான் ஆச்சிக்குச் சூட்டமாட்டேன். அவர் சைவராகப் பிறந்து, சைவராக வாழ்ந்து, திருநீறு பூசிய நெற்றியோடு போனார். அவரை ஏந்திக்கொள்ளக் கூடிய கைகள் யாருடையவை என்பதைப் பற்றியே நான் என் நம்பிக்கையைச் சொல்கிறேன். அந்தக் கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது.

கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் கோவிலில் இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பது வழக்கம். அப்பா, அம்மா, போரிற் போன இரண்டு தம்பிமார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஆச்சியின் பெயரையும் எழுதினேன். பங்குத்தந்தை யாரென்று கேட்கவில்லை. மற்றப் பெயர்களோடு சேர்த்துத் திருப்பலியில் வாசித்தார்.

இந்த வைகாசியில், ஆச்சியின் ஓராண்டு நினைவான ஆட்டத்திவசத்துக்குப் போனபோதுதான் மாஸ்டரிடம் இவ்வளவையும் சொன்னேன். சித்தியார்ப் பாட்டின் இரண்டாம் பாதியைப் பற்றி நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நீண்ட நேரம் வாதிட்டார், நானும் விட்டுக்கொடுக்கவில்லை. புறப்படும்போது படலை வரை வந்தார்.

"பேரை முழுசா எழுதினீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"வாற கார்த்திகைக்கு ஐயாவின்ர பேரையும் சேர்த்து எழுதும். நான் துண்டில எழுதித் தாறன்."