தோள் பயிற்சி: நின்றபடி போத்தல் பிடித்ததில் போன மூன்று கிழமை

ஆட்டத்தில் தலைக்கு மேலால் கையை ஓங்கி ஸ்மாஷ் அடித்தபின் தோளின் முன்பக்கம் குத்துகிறதென்றால் மட்டக்களப்புப் பக்கம் முதலில் கிடைக்கும் புத்திமதி, "தோளுக்குப் பலம் காணாது, புஷ்-அப் அடி." அதைச் செய்து நோ கூடியதுதான் மிச்சம். கையை உள்ளே சுழற்றி வீசும் தசைகள் ஆட்டத்திலேயே இறுகிவிடுகின்றன, புஷ்-அப்பும் அவற்றுக்குத்தான் வேலை கொடுக்கும். வீசிய கையைப் பிடித்து நிறுத்துபவை தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகள். பலம் ஏற்றவேண்டியது அவற்றுக்கு.

அதற்கான பயிற்சி, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகையில் மடித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. இதைத் தண்ணிப் போத்தலைப் பிடித்து நின்றபடி செய்ததில் மூன்று கிழமை வீண். பாரம் கீழ்நோக்கித்தான் இழுக்கும். பக்கவாட்டில் திருப்பும் தசைக்கு அதில் வேலையே இல்லை, முழங்கையை மடித்துப் பிடிக்கும் மேற்கைத் தசைதான் களைக்கும். போத்தல் என்றால் ஒருக்களித்துப் படுங்கள், ஆடும் கை மேலே. அரை லீட்டர் போத்தல் ஏறத்தாழ அரைக் கிலோ, தொடங்க அது காணும். ஏற்ற ஒரு செக்கன், இறக்க மூன்று செக்கன். 15 தரம், மூன்று சுற்று. இறக்கும்போதுதான் கையைப் பிரேக் போட்டு நிறுத்தும் அந்தப் பின்பக்கத் தசை பழகும். பொத்தென்று விட்டால் பாதிப் பயன் போச்சு.

நின்று செய்ய ரப்பர் பான்ட் வேண்டும். கிழித்த சைக்கிள் டியூப்பும் சரி. யன்னல் கம்பியில் முழங்கை உயரத்துக்குக் கட்டுங்கள். கதவுக் கைப்பிடியில் கட்டி, கதவு திறந்து முகத்தில் அடி வாங்க வேண்டாம். வலக்கைக்காரருக்குக் கட்டு இடப்பக்கம் இருக்கவேண்டும். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துவாய் வையுங்கள். துவாய் விழுந்தால் பெரிய தோள்தசை வேலையைப் பறித்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய டியூப்புக்கு மாறுங்கள்.

இரண்டில் முதலில் படுத்துச் செய்வதையே சொல்வேன், பிழை விட இடம் குறைவு. பான்ட் இழுக்க இழுக்க இறுகுவதால் கடைசியில் உடம்பைத் திருப்பி ஏமாற்ற வரும்.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியில் பெருவிரல் மேலே பார்க்கட்டும், கை உடம்புக்குச் சற்று முன்னால், தோள் உயரத்தோடு நிறுத்தம். பெருவிரலைக் கீழே திருப்பிச் செய்யும் பழைய முறை தசைநாரை எலும்புக்கிடையில் நசுக்கக்கூடும். தலைக்கு மேல் தூக்கிய பாரத்தைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் பயிற்சியை நோ உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். சுவர் புஷ்-அப்பில் முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் முன்னே தள்ளுவது நல்லது, அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

கிழமையில் மூன்று நாள், ஆட்டத்துக்குப் பிறகு. முன்னால் செய்தால் களைத்த தசையோடு கோர்ட்டில் இறங்குவீர்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத நோ, கை தானாக உயராமை இருந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

டியூப்பை வெயிலில் தொங்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, வெடிப்புக் கண்டால் எறிந்துவிடுங்கள்.