பூரிக்கு டிக்கெட் போடுமுன் பெருமாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்

எங்கள் வீட்டில் சுற்றுலா என்று தனியாக ஒன்று கிடையாது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள், வெளியூர் என்றாலே திருப்பதி, காஞ்சிபுரம், ஆழ்வார்திருநகரி, அங்கே போய்ச் சேவித்துவிட்டு அன்றைக்கே வண்டி ஏறிவிட வேண்டும். இந்த முறை ஒன்பதாவது படிக்கும் மகன், ஒரு தடவையாவது கடல் பக்கத்தில் ஓட்டல் போட்டு நாலு நாள் சும்மா இருக்கலாமே என்று பிடிவாதமாக நின்றுவிட்டான். கோவா, பாண்டிச்சேரி என்று பெயர்கள் வந்தன. என் மாமியார் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார், "அங்க பெருமாள் யாரு?" கடைசியில் என் கணவர்தான் ஒடிசாவில் இருக்கிற பூரி என்றார். கடலும் உண்டு, ஜகந்நாதரும் உண்டு. மாமியார் கொஞ்சம் யோசித்தார், ஏனென்றால் பூரி ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று இல்லை. "ஆழ்வார் பாடலையே" என்று இழுத்தவர், அப்புறம் அவரே, "உடையவர் எழுந்தருளின ஊராச்சே, போலாம்" என்று ராமானுஜரை நினைத்து முடித்துவைத்தார்.

முதல் தடவை பூரி போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். மற்ற கடற்கரை ஊர்களுக்கு மழையையும் வெயிலையும் பார்த்துத் தேதி குறிப்போம். பூரிக்கு முதலில் ஜகந்நாதர் வீட்டில் இருக்கிறாரா, உடம்பு சரியாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த ஊரே ஒரு பெரிய குடும்பஸ்தரின் நாள்வழக்கத்தில்தான் நடக்கிறது.

ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜேஷ்ட பௌர்ணமியில் ஜகந்நாதர், அவர் அண்ணன் பலபத்திரர், தங்கை சுபத்திரை மூவரையும் வெளி மண்டபத்துக்கு எழுந்தருளப் பண்ணி 108 குடம் தண்ணீரால் திருமஞ்சனம் செய்கிறார்கள். அத்தனை குளிர்ந்த நீரில் நனைந்ததால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. அடுத்த பதினைந்து நாள் அனசரம், தரிசனம் கிடையாது. மூலிகைக் கஷாயம், பழம் என்று பத்தியம் நடக்கிறது. இது தெரியாமல் அந்த நாட்களில் போனால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மாமியாருக்கு இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. நம் ஊரிலும் ஆனி கேட்டையில் ஜேஷ்டாபிஷேகம், அதற்கப்புறம் தைலக்காப்பு சாற்றிய மூலவர் பெரிய பெருமாளின் திருவடியை 48 நாள் சேவிக்க முடியாது, திருமுகம் மட்டும்தான். "எல்லா ஊர்லயும் அவருக்கு ஆனிலதான் ஓய்வு" என்றார். அனசர நாட்களில் பூரிக்கு வந்துவிட்ட பக்தர்கள் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி பிரம்மகிரியில் இருக்கும் அலர்நாதர் கோயிலுக்குப் போகிறார்கள். சதுர்புஜத்தோடு கருங்கல் திருமேனி. அங்கே நைவேத்தியம் செய்கிற பாயசம் அந்தப் பக்கத்தில் ரொம்பப் பிரசித்தம்.

அனசரம் முடிந்ததும் ரத யாத்திரை. மூவரும் மூன்று தேரில் ஏறி, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குண்டிச்சா கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஜகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரம், பலபத்திரரின் தாலத்வஜத்துக்கு 14, சுபத்திரையின் தர்ப்பதலனத்துக்கு 12. ஆக அந்த வாரம் பெரிய கோயிலின் ரத்ன சிம்மாசனம் காலியாக இருக்கும். லட்சக்கணக்கான கூட்டத்தில் நிற்கத் தெம்பு இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு முதல் முறையாகப் போகிற குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இவை போக, சில புதன், வியாழன்களில் பனக லாகி என்று ஒன்று நடக்கும். திருமுகங்களுக்கு வண்ணம் தீட்டுவார்கள், சில மணி நேரம் தரிசனம் நிற்கும். வேப்ப மரத்தில் செய்த திருமேனிகள் அல்லவா. கிளம்புவதற்கு முன் கோயில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டால் நல்லது. வானிலையையும் ஒரேயடியாக மறந்துவிடக் கூடாது. அது புயல் அடிக்கிற கரை, 2019 மே 3-ஆம் தேதி ஃபானி பூரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. அப்புறம் வங்காளிகள். நமக்கு ஊட்டி, கொடைக்கானல் மாதிரி அவர்களுக்குப் பூரி, துர்கா பூஜை விடுமுறையிலும் வருடக் கடைசியிலும் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் எங்களுக்குக் கிடைத்தது தை மாதம். மார்கழியில் மாமியாரை ஸ்ரீரங்கத்தை விட்டு நகர்த்த யாராலும் முடியாது, வைகுண்ட ஏகாதசி உற்சவமான பகல் பத்து, ராப்பத்து எல்லாம் முடிய வேண்டும். பொங்கலும் முடிந்து குடியரசு தின விடுமுறையை ஒட்டிக் கிளம்பினோம்.

ஹவுரா பாதையில் போகும் வண்டிகளில் குர்தா ரோடு ஜங்ஷனில் இறங்கினால் அங்கிருந்து பூரி 44 கிலோமீட்டர், உள்ளூர் ரயில்கள் நிறைய. விமானம் என்றால் புவனேஸ்வரம், அங்கிருந்து சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். ரயில்தான் எங்களுக்குச் சரிப்பட்டது, ஏனென்றால் புளியோதரைத் தூக்கு கூடவே வந்தது. மாமியார் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஸ்ரீகாகுளம் ரோடு தாண்டும்போது பேரனுக்கு ராமானுஜர் கதை சொன்னார். உடையவர் பூரியில் பாஞ்சராத்திரம் என்கிற ஆகம முறைப்படி பூஜையைத் திருத்தி அமைக்கப் பார்த்தாராம். ஜகந்நாதருக்குத் தன் பழைய கைங்கர்யக்காரர்களை விட மனமில்லை. ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தவரை அப்படியே தூக்கி ஸ்ரீகூர்மத்தில் விட்டுவரச் செய்துவிட்டாராம், கண் விழித்தால் வேறு ஊர். "பெருமாளே வேண்டாம்னுட்டார்டா" என்று சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை, பெருமைதான்.

தங்குவதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஸ்வர்கத்வார் பக்கம் கடைகளும் கூட்டமும் ராத்திரி வரை ஓயாது. அங்கேயே கடலோரத்தில் மயானமும் இருக்கிறது, பூரியில் தகனம் ஆனால் மோட்சம் என்று நம்பி எங்கெங்கிருந்தோ கொண்டுவருகிறார்கள். சக்ரதீர்த்த சாலைப் பக்கம் கொஞ்சம் அமைதி, ரயில் நிலையத்துக்கும் கிட்டே. நாங்கள் அங்கேதான் அறை எடுத்தோம். கோயிலுக்கு ஆட்டோவில் சிறிது நேரம்தான். ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடற்கரையிலிருந்து அப்படியே கோயிலுக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து உடைக் கட்டுப்பாடு இருக்கிறது, அரை டிரவுசர், கிழிசல் ஜீன்ஸ், கையில்லாத சட்டை எதுவும் ஆகாது. போன் உள்ளே கொண்டுபோக முடியாது, தோல் பெல்ட்டும் பர்ஸும் கூடாது. இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

கிழக்கே சிம்ம வாசல். எதிரில் ஒற்றைக் கல்லில் அருண ஸ்தம்பம், கோணார்க் சூரியன் கோயிலிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் மராத்தியர் காலத்தில் கொண்டுவந்து நட்டது. உள்ளே 22 படி. கோயில் 12-ஆம் நூற்றாண்டில் அனந்தவர்மன் சோடகங்கன் தொடங்கியது. அவனுடைய தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி, பெயரில் இருக்கிற சோழம் அங்கிருந்து வந்ததுதான். இந்த ஊரில் நம்மவர் தடம் நிறைய. வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் ராமானுஜர் மரபில் வந்த எமார் மடம் இருந்தது, 2011-ல் குவியலாக வெள்ளிக் கட்டிகள் கிடைத்ததே, அதே மடம்தான். கோயிலைச் சுற்றி இடம் விடுவதற்காக 2019-ல் இடித்தபோது அதன் பெரும்பகுதி போய்விட்டது. மாமியாருக்கு அதில்தான் மனசு ஆறவில்லை.

படியேறியதும் பண்டாக்கள், அதாவது தரிசனம் செய்துவைக்கும் கோயில் பூசாரிகள், வந்து சூழ்ந்துகொள்வார்கள். வேண்டுமானால் ஒருவரை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று வாசலிலேயே பேசிவிடுங்கள், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருங்கள், நின்று பதில் சொன்னால் முடியாது.

நாங்கள் போனபோது ஜகந்நாதர் போர்த்திக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் வசந்த பஞ்சமி வரை மூவருக்கும் போர்வை சாற்றுவது வழக்கமாம். கழுத்து வரை துணி, அதற்கு மேல் அந்த இரண்டு வட்டக் கண்கள் மட்டும். கூட்டம் தள்ளுகிறது, முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது, அதற்கிடையில் அந்தக் கண் மட்டும் நம்மை விடாமல் பார்க்கிறது. எங்கள் ஊர் உற்சவர் நம்பெருமாளின் வடிவழகைப் பார்த்துப் பழகிய எனக்குக் கையும் காலும் முழுதாக இல்லாத அந்த உருவம் எப்படி இருக்குமோ என்று உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது உண்மை. எதிரே நின்றபோது அதெல்லாம் நினைவிலேயே இல்லை. மாமியார் பல்லாண்டு சொல்ல ஆரம்பித்தார், பக்கத்தில் ஓர் ஒடியா அம்மா கண்ணீரோடு "ஜகா, ஜகா" என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து வடகிழக்கில் ஆனந்த பஜார். பூரியில் ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கடலை விட்டுவிட்டுக்கூட இங்கே உட்காருங்கள் என்பேன். மடைப்பள்ளியில் விறகு அடுப்பு, மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கிறார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, பச்சை மிளகாய், காலிஃபிளவர், வெங்காயம், பூண்டு எதுவும் உள்ளே வராது. ஜகந்நாதருக்கு அமுது செய்தது அப்புறம் அதே கோயிலில் இருக்கும் விமலா தேவிக்கும் நிவேதனம் ஆன பிறகுதான் மகாபிரசாதம். சாதம், டால்மா என்கிற காய் போட்ட பருப்பு, கடுகு அரைத்துவிட்ட பேசரா, நெய்யும் இனிப்புமாகக் கனிகா சாதம், கீர். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் பானைகள் சூடாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம்.

அங்கே மகாபிரசாதத்துக்கு ஜாதி கிடையாது, எச்சில் கிடையாது. யாரும் யாரோடும் ஒரே பானையிலிருந்து எடுத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்களுக்குள் ஒரே பயம், மாமியார் என்ன செய்வாரோ என்று. போதாக்குறைக்கு அன்றைக்கு ஏகாதசி. ஐம்பது வருஷமாக ஏகாதசியில் அரிசி தொடாதவர். பண்டா சிரித்துக்கொண்டே, இந்தக் கோயிலில் ஏகாதசியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாயிற்று, மகாபிரசாதத்தின் முன்னால் ஏகாதசி தேவிக்கு அதிகாரம் இல்லை என்று இந்தியில் சொன்னதை என் கணவர் மொழிபெயர்த்தார். மாமியார் பானையைப் பார்த்தார். "நம்ம பெருமாளுக்கும் மண்பானைத் தளிகைதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புடவையை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ ஒரு விவசாயக் குடும்பம், அவர்கள் பானையிலிருந்து ஒரு பிடி சாதத்தை எடுத்து இவர் இலையில் வைத்தார்கள். இவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார். பதிலுக்கு எங்கள் கீரில் பாதியை அவர்கள் குழந்தைக்குக் கொடுத்தார். ராமானுஜர் முறையை மாற்ற வந்த இடத்தில் என் மாமியார் முறை மாறிப்போனது என்று என் கணவர் ரகசியமாகச் சொன்னதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். அறைக்குத் திரும்பியதும் மறுபடி அவர் டம்ளர், அவர் தண்ணீர்தான், அது வேறு.

சாயங்காலம் கொடி மாற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். 214 அடி விமானத்தில் கயிறோ பிடிமானமோ இல்லாமல் சேவகர் ஏறி உச்சியில் இருக்கும் நீல சக்கரத்தில் புதுக் கொடி கட்டுகிறார், தினமும். மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, கடல். பார்க்க அழகு, இறங்கினால் முரடு. அலை உடைகிற இடத்திலேயே பள்ளம், திரும்புகிற தண்ணீர் காலை வாரும். கூம்புத் தொப்பி போட்ட நோலியாக்கள் இருப்பார்கள், மீனவர் குடும்பங்கள், கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குளிக்கவைப்பார்கள். நீச்சல் தெரிந்தாலும் அவர்களை வைத்துக்கொள்ளுங்கள். பூரியின் ஐந்து தீர்த்தங்களில் இந்தக் கடலும் ஒன்று, அதனால் மாமியார் சங்கல்பம் செய்து முழுக்குப் போட்டார், மகன் பலகையோடு விளையாடினான், இரண்டு பேரையும் ஒரே நோலியாதான் பார்த்துக்கொண்டார். சக்ரதீர்த்தத்தில் சங்கிலி போட்ட அனுமார் ஒருவர் இருக்கிறார், பேடி ஹனுமான். கடல் ஊருக்குள் வராமல் காவல் காக்கச் சொன்னால் அவர் லீவு சொல்லாமல் அயோத்திக்குப் போய்விட்டார், கடல் புகுந்துவிட்டது, திரும்பி வந்ததும் ஜகந்நாதர் விலங்கு மாட்டிவிட்டார் என்று கதை. அனுமாருக்கே அந்த ஊரில் லீவு இல்லை.

கடைசி நாளைக் கோணார்க்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலோரச் சாலையில் 35 கிலோமீட்டர், 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டியது, உள்ளே பூஜை கிடையாது. விடிகாலையில் கிளம்பினால் சந்திரபாகா கடற்கரையில் சூரியோதயம் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் கோயிலைச் சுற்றிவிடலாம். அங்கே போனுக்குத் தடையில்லை, மகன் ஊரில் எல்லாருக்கும் காட்டிய படங்கள் முழுக்க அங்கே எடுத்தவைதான்.