கிணற்றடி வாளி

மட்டக்களப்பு கல்லடியில் நான் வாடகைக்கு இருந்த வளவில் ஒரு கட்டுக்கிணறு. மூன்று குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். 2020 நவம்பரில் ஒரு காலை, ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் நைட் டியூட்டி முடிந்து மழையில் நனைந்தபடி வந்து பார்த்தால், கிணற்றடியில் வாளி இல்லை. கப்பியில் கயிறும் இல்லை. வேலியோரம் கொய்யா மரத்தடியில், ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, மேலே பழைய தட்டு ஒன்றால் மூடி வைத்திருந்தது.

வீட்டுக்கார அம்மா விறாந்தையில் நின்றபடியே சொன்னார்: "குறை நினைக்காத புள்ள. நீ கிணத்தில கை வைக்க வேணாம். தண்ணி நாங்களே அள்ளி வைக்கிறம். வீட்டில சின்னப் புள்ளைகள் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பிரஷர் பார்க்க என்னிடம் கையை நீட்டுகிறவர் அவர். நண்டுக் கறி வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அதனால்தான் அந்த மூடி வைத்த தட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பத்து நாளில் "மறுகா வேற இடம் பாரு புள்ள" என்றார். பார்த்தேன்.

அந்த நேரத்துப் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை, பிறகு பேலியகொடை மீன் சந்தை, அப்புறம் வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று நோய் எங்கள் பக்கம் நெருங்கி வந்த மாதங்கள் அவை. ஆனால் நான் தம்பிலுவில்காரி. எங்கள் ஊரில் அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டுவோம். உள்ளே போக மாட்டோம்தான். ஆனாலும் இளநீரைப் படலையில் வைத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவோம். கொரோனா வந்த வீட்டுக்கோ ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வீதியால் போனவர்கள் அதைப் போன் கமராவில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வார்டில் என்னைப் பாதித்தது வேறு. அந்தப் பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணித்தியாலம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, மாஸ்க் கம்பி மூக்கில் புண்ணாக்கிவிடும். அதெல்லாம் தாங்கலாம். ஒரு நாள் ஒக்சிசன் போட்டிருந்த ஒரு முஸ்லிம் மூத்தம்மா என் கையுறையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மகள், நான் மவுத்தானா என்னை எரிச்சிப்போடுவாங்களா?"

அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இலங்கையில் 2020 ஏப்ரல் அரசாங்க வர்த்தமானிக்குப் பிறகு, கொரோனாவில் இறந்தவர்களை எரிப்பது மட்டும்தான் என்று அப்போது இருந்தது. இந்தப் பயத்திலேயே மூச்சுத் திணறி முடியாமல் போகும்வரை வீட்டில் கிடந்துவிட்டுப் பிந்தி வந்தவர்களை நான் என் கையால் கட்டிலில் ஏற்றியிருக்கிறேன். மூத்தம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? "நீங்க வீட்டுக்குப் போவீங்க உம்மா" என்றேன். அவர் சுகமாகிப் போனார். கேள்வி மட்டும் என்னோடு நின்றுவிட்டது. கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்து, 2021 மார்ச் 5 ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்த செய்தி வந்த அன்று, மருந்து ட்ரொலிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

அதற்குள் நித்திரை போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பேன், எழும்பிக் கை கழுவுவேன், படுப்பேன், திரும்பவும் கழுவுவேன். விரல் மடிப்புகள் வெடித்து, சோற்றில் உப்புப் பட்டாலே எரியும். தடுப்பூசி போட்ட பிறகு ஊருக்குப் போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு மகளைப் பார்க்கிறேன், நான்கு வயது. அவள் ஓடி வந்தாள். நான் ஓரடி பின்னால் போனேன். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போனது. அவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்படியும் மனநலக் கிளினிக்குக்குப் போக எனக்கு இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. கொரோனாக்காரி என்ற பேர் ஏற்கனவே இருக்கிறது, இனி விசர் என்ற பேரும் வந்தால்? நோயாளிகளிடம் "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! எனக்கென்று வரும்போது மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, தெரிந்த முகம் இருக்கிறதா என்று வாங்கைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தேன். டொக்டர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கடைசியா விடியும்வரை எப்ப நித்திரை கொண்டீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்தில் இல்லை. அந்த ஆறு மாதத்தில் என் மேலதிகாரிகள் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. டியூட்டி லிஸ்டில் என் பேர் இருந்தால் அவர்களுக்குப் போதும். அது பிழை, நான் இப்போதும் அதைப் பிழை என்றுதான் சொல்வேன். கொஞ்சக் காலம் மருந்து எடுத்தேன், நிறையக் கதைத்தேன். கை வெடிப்பு ஆறியது. மகள் இப்போது என் மேல் கால் போட்டுத்தான் தூங்குவாள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் வார்டில் ஒரு புதுத் தங்கச்சி. போன கிழமை கை கழுவும் இடத்தில் அவளுடைய விரல்களைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் 1926 என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். அவள் எடுக்கவில்லை. நேற்று, "அக்கா, நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை கிளினிக். நான் லீவு போட்டிருக்கிறேன்.