போனிலிருந்து சாந்த்னே வரை

பிரான்சின் பர்கண்டியில போன்னு ஒரு ஊர். (பேர்தான் போன், நாள் முழுக்க போனைத் தொடவே இல்ல.) அங்கிருந்து சாந்த்னே வரை சுமார் 22 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல சைக்கிள் பாதை. கார் தொல்லை கிட்டத்தட்ட இல்ல. எப்பவாவது தோட்டத்து டிராக்டர் வரும், ஒதுங்கிக்கணும்.

வழியில பொமார், வோல்னே, மெர்சோன்னு வரிசையா ஊருங்க... ஏத்தம் எல்லாம் சின்னதுதான், ஆனா பின்னாடி ரெண்டு பை தொங்குதே! என் மூச்சையும் செயினையும் தவிர வேற சத்தமே கேக்கல. ஒரே சரிவுல மேல விளையுற திராட்சைக்கு ஒரு ருசி, கீழ விளையுறதுக்கு வேற ருசியாம். துண்டு துண்டா பிரிச்சு, துண்டுக்கு ஒரு பேரு. 2015ல யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. எனக்கென்னவோ எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரிஞ்சுது.

சாந்த்னே தாண்டினா கால்வாய்க் கரை. மேடே கிடையாது. முழங்கால் கும்பிடு போட்டுச்சு.