ஓடுவது ஒரே கோர், பில் எட்டுக் கோருக்கு

பெட்டியின் மேல் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, பவர் என்று எதை ஒட்டினாலும் கம்பெனி வேலைகளை ஓட்டும் இந்த ஐபிஎம் கணினி எங்கள் வாயில் ஏஎஸ்/400 தான். 1988-இல் வைத்த பெயர், போகவே மாட்டேன் என்கிறது. அந்த மெஷினை மாற்றினோம். பவர்7 720-இலிருந்து பவர்9 எஸ்914-க்கு. சேவ், ரீஸ்டோர், ஐபி மாற்றம் எல்லாம் ஞாயிறு மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரவு பத்தரைக்கு பில் மெயில் ஜாப் நின்றது. மெசேஜ் வெயிட், அதாவது பதில் கேட்டுக் காத்து நிற்கிறது. "இந்த சீரியல் நம்பருக்கு இந்தக் கீ செல்லாது." கீ என்றால் குறிப்பிட்ட மெஷினில் சாஃப்ட்வேரைத் திறந்துவிடும் லைசென்ஸ் குறியீடு.

ஸ்பூல் ஃபைலை (அச்சுக்குப் போகக் காத்திருக்கும் அவுட்புட்) பிடிஎஃப் ஆக்கி வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்ப வெளியே வாங்கிய ஒரு யுடிலிட்டி தொகுப்பு அது. பத்து வருடத்துக்கு மேல் சத்தமில்லாமல் ஓடியது. அப்படி ஓடுவதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மெஷின் மாற்றத்துக்கு நான் போட்ட செக்லிஸ்டில் ஐபிஎம் லைசென்ஸ் கீகள் எல்லாம் இருந்தன, இது மட்டும் இல்லை. ஐபிஎம் தன்னுடைய கீ கேட்கும் புராடக்டுகளுக்கு 70 நாள் அவகாசம் தருகிறது. இந்தத் தொகுப்பை விற்றவர்கள் தந்தது பூஜ்யம்.

திங்கள் காலை அவர்களுக்குப் போன் செய்தேன். முப்பது நாளுக்கு ஒரு தற்காலிகக் கீ உடனே வந்தது. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கொட்டேஷன் வந்தது.

மூன்று வரி. முதல் வரி, வேறு மெஷினுக்கு லைசென்ஸை மாற்றும் கட்டணம். இரண்டாவது, நாங்கள் மூன்று வருடமாகக் கட்டாமல் விட்ட மெயின்டனன்ஸ் பாக்கி, அதன் மேல் மறு இணைப்புக் கட்டணம். மூன்றாவதுதான் பெரியது: பி05-இலிருந்து பி10-க்கு ஏறிய வித்தியாசம். மூன்றையும் கூட்டினால் புது மெஷின் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பில்லை பிடிஎஃப் ஆக்குவதற்கு.

பி05, பி10 என்பது மெஷினின் சாஃப்ட்வேர் குரூப், அதாவது மெஷினின் அளவைப் பார்த்து சாஃப்ட்வேருக்கு விலை வைக்கும் படி. எஸ்914-இல் நாலு கோர் (பிராசஸருக்குள் இருக்கும் தனி இயங்கு அலகு) மாடல் பி05. ஆறும் எட்டும் பி10. நாலு கோர் மாடலில் மெமரி 64 ஜிபிக்கு மேல் போகாது என்பதால்தான் எட்டுக் கோர் மாடலை எடுத்தோம். ஐபிஎம் ஐ (மெஷினின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) லைசென்ஸ் போட்டு ஓடுவது அதில் ஒரே ஒரு கோர். பழைய மெஷினிலும் ஒன்றுதான். இதை அந்த விற்பனைப் பிரதிநிதியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"புரியுது சார். ஆனா நாங்க எத்தனை கோர் ஓடுதுன்னு பார்க்கறதில்ல. மெஷின் எந்த குரூப்னு மட்டும்தான் பார்ப்போம்."

"சாஃப்ட்வேர் அதேதானே? வெர்ஷன்கூட மாறலயே."

"சாஃப்ட்வேர் அதே தான் சார். மெஷின்தான் பெருசாயிடுச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வது! பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். ஒரு முழு நாள் அலமாரிக்குள் போனது. அதில் தெளிவாகவே இருந்தது: "அதே குரூப்புக்குள் மெஷின் மாறினால் மாற்றுக் கட்டணம் இல்லை." அதே குரூப்புக்குள். மாடலைத் தேர்வு செய்த அன்று இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் நாலு கோரும் 64 ஜிபியும் போதுமா என்று இன்னொரு தடவை கணக்குப் போட்டிருப்பேன். நீங்கள் மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வொர்க் லைசென்ஸ் இன்ஃபர்மேஷன் திரையில் உங்கள் குரூப் என்ன என்று பாருங்கள். பிறகு வெளியாரிடம் வாங்கிய ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் புது மாடல் எண்ணைச் சொல்லி எழுத்தில் விலை கேளுங்கள். பெட்டி வந்து இறங்கிய பிறகு கேட்டால் பேரம் பேச நமக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, இதை விட்டுவிட முடியுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். தொகுப்பில் எண்பதுக்கு மேல் கமாண்டுகள். எதையெல்லாம் நாங்கள் பயன்படுத்துகிறோம்? டிஸ்ப்ளே ஆப்ஜெக்ட் டிஸ்கிரிப்ஷன் கமாண்டில் (கமாண்ட், ஃபைல் எல்லாமே இங்கே ஆப்ஜெக்ட்தான்) கடைசியாகப் பயன்படுத்திய தேதி, பயன்படுத்திய நாட்களின் எண்ணிக்கை இரண்டும் வரும். புது மெஷினில் ஓட்டினேன். ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம். அட, எதுவுமே தேவையில்லை போலிருக்கிறதே என்று ஒரு காபி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: புதிதாக ரீஸ்டோர் செய்த ஆப்ஜெக்டுக்கு அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வரலாறு முழுக்கப் பழைய மெஷினில்தான் இருக்கிறது. அதை அந்த வாரமே எடுத்துப்போக ஆள் வருவதாக இருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். பழைய பெட்டியை மூன்று மாதமாவது கைவிடாதீர்கள், தயவுசெய்து.

பழையதில் ஓட்டியபோது வந்த விடை: கடந்த ஒரு வருடத்தில் தொட்டவை நான்கு கமாண்டுகள். எண்பது சொச்சத்தில் நான்கு.

ஒன்று ஸ்பூலை பிடிஎஃப் ஆக்குவது. சிஸ்டத்திலேயே இருக்கும் காப்பி ஸ்பூல்டு ஃபைல் கமாண்ட் ஸ்ட்ரீம் ஃபைலாக (பிசியில் இருப்பது போன்ற சாதாரண ஃபைல்) எழுதும், பிடிஎஃப் என்று கேட்டால் பிடிஎஃப் ஆகவே தரும். இதற்கு டிரான்ஸ்ஃபார்ம் சர்வீசஸ் என்ற புராடக்ட் வேண்டும். தனிக் காசு இல்லை, ஆனால் எங்கள் மெஷினில் அது இன்ஸ்டால் ஆகியிருக்கவில்லை. அது தெரியாமல் ஒரு மாலை முழுக்க எரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மெயில். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) மெயில் கமாண்டும் சிஸ்டத்திலேயே உண்டு, அட்டாச்மென்டும் போகும். ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாபின் யூசரை முதலில் எஸ்எம்டிபி யூசராகச் சேர்க்க வேண்டும். என் ஐடியில் போன மெயில் ராத்திரி ஜாபில் போகாததற்குக் காரணம் அதுதான், கண்டுபிடிக்க அரை நாள். மூன்றாவது ஃபைலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) ஆக்குவது. காப்பி டு இம்போர்ட் ஃபைல், பத்து நிமிட வேலை.

நான்காவதில்தான் மாட்டிக்கொண்டேன். பில்லின் மேல் லோகோ, கட்டங்கள், கீழே கையெழுத்துப் படம். இதை என் சொந்தக் கோடில் ஓரளவு கொண்டுவந்தேன். கணக்குப் பிரிவில் காட்டினேன். அங்கிருந்த மேடம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நம்ம பில் மாதிரி இல்லையே தம்பி" என்றார். இல்லைதான்.

தற்காலிகக் கீ முடிய ஆறு நாள். மறுபடி போன். இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன்: "முழுத் தொகுப்பு வேண்டாம். லோகோ போடும் மாட்யூல் மட்டும், புது லைசென்ஸாக, பி10-க்கு என்ன விலை?" எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. புது லைசென்ஸ் என்றால் மூன்று வருடப் பாக்கி இல்லை, மறு இணைப்பு இல்லை, மாற்றுக் கட்டணமும் இல்லை. வந்த கொட்டேஷன் முதலாவதில் கால் பங்குக்கும் கீழே. மாட்யூலைத் தனியாக விற்பதாக அவர்களாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். டெஸ்ட் பார்டிஷனுக்கு (அதே பெட்டிக்குள் சோதனைக்குப் பிரித்து வைத்த பகுதி) இவர்களுடைய கீ தனி, சீரியல் நம்பர் ஒன்றே என்றாலும் பார்டிஷன் நம்பரும் கீயில் சேர்கிறது. பேக்கப் மெஷினுக்கும் ஒன்று வேண்டும். இரண்டையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், காசில்லாமல் கொடுத்தார்கள். பின்னால் தனியாகக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வரி வந்திருக்கும்.

நிரந்தரக் கீ வந்தது இருபத்தொன்பதாம் நாள் மாலை. அன்றிரவு பத்தரைக்கு டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜாப் ஓடியது, முடிந்தது, மெசேஜ் எதுவும் இல்லை. காலையில் மேடம் பில்லைத் திறந்து பார்த்துவிட்டு, லோகோ முன்பைவிடக் கொஞ்சம் இடது பக்கம் போயிருக்கிறது என்றார்.