மேட்வான் நாட்குறிப்பு

ஏப்ரல் 26

மேட்வானுக்கு வந்து சேர்ந்தாச்சு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மிங்கோ கவுன்ட்டி, நல்ல நிலக்கரிப் பிரதேசம். மனைவிக்கு இங்கே பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை, எனக்கு மடிக்கணினி இருந்தால் போதும். ஊரில் ஐந்நூறு பேர்கூடத் தேறாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் டக் ஃபோர்க் ஆறு, ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம். 1977 வெள்ளத்தில் ஊர் முழுகிப்போனதால் பிறகு பெரிய தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஆற்றங்கரை ஊர்தான், ஆனால் ஆற்றைப் பார்க்கச் சுவரைத் தாண்டிப் போகணும்.

மே 3

சனிக்கிழமை. காலையிலிருந்தே தெருவெல்லாம் ஏடிவி எனப்படும் மலைப்பாதை நாலுசக்கர வண்டிகளின் சத்தம், சேறு பூசிய முகங்கள். மலைக்குள் போகும் பாதைகளுக்கு ஹாட்ஃபீல்ட்-மெக்காய் என்றே பெயர். 1880களில் ஆற்றின் இரு கரையிலும் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு குடும்பங்கள். 1882இல் மெக்காய் சகோதரர்கள் மூன்று பேரை மரத்தில் கட்டிச் சுட்டது எதிர்க்கரையில்தான். இன்றைக்குச் சாப்பாட்டுக் கடைக்கும் தங்கும் விடுதிக்கும் வருமானம் அந்தப் பகையிலிருந்து வருகிறது. வரட்டும், சுரங்கங்கள் மூடிய ஊருக்கு வேறு என்ன வழி? ஆனால் இதே ஊரில் நடந்த இன்னொரு சண்டையைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மே 10

பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் நிலத்தடியில் வேலை பார்த்தவர். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். கருப்பு நுரையீரல், நிலக்கரித் தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய். அவர் மகனுக்கும் அதே நோய், அதுவும் அப்பாவைவிட மோசமாக, ஐம்பது வயதுகூட ஆகாமல். முதலில் எனக்குப் புரியவில்லை, இயந்திரம் வந்தால் குறையத்தானே வேண்டும்? பெரியவர் விளக்கினார்: தடித்த நிலக்கரி அடுக்குகளெல்லாம் எப்போதோ தோண்டியாயிற்று, மிச்சம் இருப்பது மெல்லிய அடுக்கு, அதை எடுக்க மேலும் கீழும் பாறையையும் சேர்த்து அறுக்க வேண்டும், அந்தப் பாறைத் தூளில் இருக்கும் சிலிகா நிலக்கரித் தூளைவிடப் பொல்லாதது. இந்த மலைப்பகுதியில் 25 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் என்று 2018இல் அரசு ஆய்வாளர்களே எழுதினார்கள். மகனின் உதவித்தொகை வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி வைத்த மருத்துவர் ஒன்று சொல்கிறார், இவர்கள் காட்டிய மருத்துவர் இன்னொன்று.

மே 19

இன்றைக்குத் தேதி பார்த்ததும் சுரங்கப் போர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1920இல் இதே நாள். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளைக் கம்பெனி வேலையைவிட்டு நீக்கியது. வீடும் கம்பெனியுடையது, ஆகவே கம்பெனி அமர்த்திய பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் ஏஜென்சியின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எறிந்தார்கள். வேலையை முடித்து ரயிலேறப் போன அந்த ஆட்களைப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் மேயர் டெஸ்டர்மனும் மறித்தார்கள். முதலில் சுட்டது யார் என்பதில் இன்றுவரை தகராறு. பத்துப் பேர் செத்தார்கள்: ஏழு பேர் ஏஜென்சி ஆட்கள், இரண்டு தொழிலாளிகள், மேயர். பழைய அஞ்சலகச் செங்கல் சுவரில் குண்டு துளைத்த தடம் இருக்கிறது, நானும் விரலை வைத்துப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1, வெல்ச் என்ற ஊரின் நீதிமன்றப் படிக்கட்டில், கையில் ஆயுதமில்லாமல் மனைவியோடு ஏறிய சிட்டை அதே ஏஜென்சி ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கோபத்தில்தான் ஏறக்குறைய பத்தாயிரம் தொழிலாளிகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி பிளேர் மலைக்கு நடந்தார்கள். அவர்கள்மேல் தனியார் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், கடைசியில் கூட்டரசு ராணுவம் வந்த பிறகே அடங்கியது. பல காலம் பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாதாம்! இரண்டு குடும்பத்துப் பகை எல்லோருக்கும் தெரியும், ஆயிரக்கணக்கான பேர் கூலிக்காக எழுந்தது தெரியாது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மே 24

பெரியவரிடம் வெல்ச் போகலாமா என்றேன். மலைப்பாதை வளைவுகளில் தன் மூச்சு தாங்காது, நீ போ என்றார். அப்புறம் அவரே கூப்பிட்டு, மகனுக்கு அடுத்த வாரம் நுரையீரல் பரிசோதனை, கார் ஓட்ட ஆள் வேண்டும் என்றார். சரி, வெல்ச் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.