குரு நாட்டில் சொன்னது

தியானம் என்றாலே மனசைக் காலி பண்ணுவது என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு நமக்கெல்லாம் வராது என்று விட்டுவிடுகிறார்கள் என் ஆபீஸ் நண்பர்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 10ஆவதாக வரும் சதிபட்டான சூத்திரத்தைப் படித்துப் பாருங்கள், எண்ணத்தை நிறுத்து என்று புத்தர் சொல்லவே இல்லை. மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று தெரிய வேண்டும், மனதில் கோபம் இருந்தால் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

மணிமேகலையில் வரும் பன்னிரு சார்புகளில், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் பிறக்கும் பன்னிரண்டு கண்ணிகளில், நுகர்வு (இன்ப துன்ப உணர்ச்சி), அதற்கடுத்து வேட்கை, அப்புறம் பற்று. இப்படி உள்ளதை உள்ளபடி கவனிக்கிற விபாசனா தியானம் வேலை செய்கிற இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான். காலையில் ராஜீவ் சௌக்கில் மெட்ரோ கதவு திறந்ததும் யாரோ ஒருவர் முழங்கை விலாவில் இடிக்கிறது, முதலில் வருவது வெறும் வலி, அடுத்த நொடியில்தான் தாடை இறுகுகிறது, காது மடல் சூடாகிறது, திருப்பி இடிக்கத் தோள் தயாராகிறது. இந்த வரிசையைப் பார்த்துவிட்டால் தோள் தானாகத் தளர்கிறது. எப்போதும் இல்லை, சில நாள்.

இன்னொன்று, இந்தச் சூத்திரம் சொல்லப்பட்டது குரு நாட்டில், கம்மாசதம்மம் என்ற ஊரில். நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் டெல்லியும் பழைய குரு நாடுதான்! ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பக்கம் பாறையில் அசோகர் கல்வெட்டு இருக்கிறது, 1966இல் கண்டுபிடித்தது. ஞாயிறு காலை போகிறேன், மயூர் விஹார் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருகிறீர்களா?